தெரியாதென்று சொல்லத் தெரிந்தவள்

ஆட்டுக்கு எத்தனை கால்னு அந்தப் பிள்ளை கேக்கா. அஞ்சுன்னு சொல்லுதேன். சொல்லும்போது முகத்தை எப்படி வச்சுக்கிடணும்னுதான் தெரியல, சிரிச்சா கண்டுபிடிச்சிருவா, ரொம்ப உம்முனு இருந்தாலும் சந்தேகம் வரும், அதனால சன்னல் பக்கமாப் பாக்கேன், சன்னல்ல ஒரு காக்கா உக்காந்திருக்கு, நல்லதாப் போச்சு, காக்காவ வேடிக்கை பாக்கிறவ மாதிரி இருந்துக்கிடலாம். வாரத்துக்கு எத்தனை நாளும்மா? எட்டு. உங்க வயசு என்ன? அம்பது. அம்பத்தொண்ணு ஆயிட்டு, ஆனா ஒண்ணு குறைச்சுத்தான் சொல்லணும். எல்லாத்துக்கும் ஒண்ணு கூட்டியோ ஒண்ணு குறைச்சோ, இது நானா யோசிச்சு வச்சது, பஸ்ல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். ஆட்டுக்கு நூறு கால்னு சொன்னா இது நடிப்புன்னு தெரிஞ்சு போகும். பக்கத்துல வந்து தவறணும், அப்பதான் நம்புவாங்க. எதிர்ல இருக்க பிள்ளைக்குப் பேரு ஷைனி, நாகர்கோவில் பக்கமாம், கண்ணாடி போட்டு, கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை தொங்கவிட்டு, நான் என்ன சொன்னாலும் முகம் மாறாம எழுதிக்கிடுது. ஒரு தடவையாவது உதட்டைப் பிதுக்குனா எனக்குத் தைரியமா இருக்கும். ம்ஹூம். சரிம்மா, அடுத்ததுக்குப் போவோம்ங்குது. பாவம், இதையும் சேத்து ஏமாத்துதோமேன்னு ஒரு பக்கம் உறுத்தத்தான் செய்யுது, ஆனா நயினாருக்காகத்தானே.

நயினார் வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கான். என் தம்பி, எனக்கு ஏழு வயசு இளையவன், பேங்குல ஆபீசர். போன மாசம் அவனை ராய்ப்பூருக்கு மாத்திட்டாங்க. அவன் மகளோட பள்ளிக்கூடத்து மேப்புல ராய்ப்பூரைத் தேடிப் பாத்தேன், நம்ம ஊர்ல ஒரு விரலையும் அங்க ஒரு விரலையும் வச்சா கை விரிஞ்சு வலிக்கி. அவன் பொண்டாட்டிக்கு இங்க டீச்சர் வேலை, மக பன்னெண்டாவது, எல்லாத்தையும் விட்டுட்டு எங்க போவான்? யூனியன்ல யாரோ வழி சொல்லியிருக்காங்க, வீட்டுல புத்தி வளர்ச்சி குறைஞ்ச ஆள் உன் பொறுப்புல இருந்தா தள்ளி மாத்த மாட்டாங்க, சர்டிபிகேட் வாங்கிக் குடுன்னு. நேத்து ராத்திரி சாப்பிடும்போது என்கிட்டச் சொன்னான், ஒளிக்கல. அக்கா, நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவணும், சில கேள்வி கேப்பாங்க, சர்டிபிகேட் கிடைச்சா நான் இங்கயே இருந்துருவேன்னான். சரிடேன்னேன். அதுக்கு மேல அவன் ஒரு வார்த்தை சொல்லல. நீ மண்டு மாதிரி நடின்னு அக்காகிட்ட எந்தத் தம்பி வாய்விட்டுச் சொல்லுவான், கூச்சம் பிடுங்காதா. பஸ்ல சொல்லுவான்னு பாத்தேன். அங்கயும் சொல்லல, தலைவலிக்கான்னு கேட்டான், தண்ணி பாட்டிலைத் தெறந்து குடுத்தான். ஆஸ்பத்திரி வாசல்ல ரோடு கடக்கையில எப்பவும் போல என் கையப் பிடிச்சுக்கிட்டான். சின்னப்பிள்ளையிலயே அவனுக்கு லாரின்னா பயம், என் ரெண்டு விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல நட்ட கம்பு மாதிரி நின்னுருவான், அவனுக்காக நானும் நிக்கணும். நாப்பத்தி நாலு வயசாச்சு, பய இன்னும் மாறலன்னு நினைச்சுக்கிட்டேன். சவம், சொல்லாட்டா என்ன, கேக்காமலே செய்யணும், அதுதானே அக்கான்னு இருக்கது.

ஆரம்பத்துலயே ஷைனி சொல்லுச்சு, பயப்படாதீங்கம்மா, இதுல பாசும் இல்ல ஃபெயிலும் இல்ல. புத்திங்கிறது ஒரே சாமான் இல்லம்மா, வார்த்தை ஒண்ணு, கணக்கு ஒண்ணு, கண்ணால பாத்துக் கையால செய்யிறது ஒண்ணு, ஞாபகம், வேகம், அப்படிப் பல இருக்கு, எல்லாத்தையும் உங்க வயசுக்காரங்களோட ஒத்துப் பாப்போம், நடுவுல நிக்கிறவங்களுக்கு நூறுன்னு வச்சிருக்கோம்னு. அந்த நடுவுல நிக்கிறவங்க எந்த ஊர்க்காரங்கன்னு கேக்கணும் போல இருந்துச்சு, கேட்டா வெவரமான ஆளுன்னு தெரிஞ்சிரும், கேக்கல. எங்க தெருவுலயும் இதுக்கெல்லாம் பேரு இருக்கு. கூறுள்ளவம்பாங்க, வெவரக்காரிம்பாங்க, சூட்டிகைம்பாங்க, கூறுகெட்டவ, மண்டு, கோட்டிம்பாங்க. இன்னைக்குக் கோட்டிம்பாங்க, நாளைக்கு அவகிட்டயே வந்து ஊறுகாய்க்கு உப்பு அளவு கேப்பாங்க. யாரும் நம்பர் போட்டது இல்ல. இப்ப ஷைனி கலர்க் கட்டையை மேசையில பரப்புது. ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி அடுக்குங்கம்மாங்குது, கையில ஓடுத கடிகாரம் வேற. இதைத் தப்பா அடுக்கணும். தப்பா அடுக்கணும்னா சரி எதுன்னு முதல்ல மனசுக்குள்ள அடுக்கிப் பாத்துக்கிடணும், பெறகு ஒரு கட்டையை மட்டும் திருப்பி வைக்கணும், அதுதான் நம்ம வழி. முதல் ரெண்டு படம் அப்படியே போச்சு. மூணாவது படம் மனசுக்குள்ள சேர மாட்டேங்குது. இந்த மூலையை வச்சா அந்த மூலை இடிக்கி, சாய்ச்சு வச்சா நடுவுல வெள்ளை வந்து நிக்கி. எப்படியும் தப்பாத்தானே வைக்கப் போறேன், எதையாவது வச்சுட்டுப் போவோம்னு வச்சேன். சரியில்லன்னு அந்தப் பிள்ளை எழுதிக்கிடுது. அதுக்கு முந்தின தப்புக்கும் இதே மாதிரித்தான் எழுதுச்சு. நான் வேணும்னு செஞ்ச தப்பும் எனக்கு வராத தப்பும் அந்தத் தாள்ல ஒரே மாதிரித்தானே இருக்கும். அப்ப யாரு பிரிச்சுப் பாப்பா? எனக்கே நாளைக்கு மறந்து போனா?

இந்த நினைப்பு வந்ததுல இருந்து பின்னால கேட்ட ஒண்ணும் மனசுல ஒட்டல. இட்லிக்கும் தோசைக்கும் என்ன ஒத்துமைன்னுச்சு. ரெண்டுக்கும் ஒரே மாவுன்னு வாய் வரைக்கும் வந்துட்டு, முழுங்கிக்கிட்டு, இட்லி குண்டா இருக்கும்னேன். நான் சொல்லுத நம்பரைப் பின்னால இருந்து திருப்பிச் சொல்லுங்கம்மான்னுச்சு, ஆறு ஒம்போது ரெண்டு. ரெண்டு ஒம்போது ஆறுன்னு உள்ளுக்குள்ள மணியா ஓடுது, வாய் ரெண்டு எட்டு ஆறுங்குது. நயினாருக்கு வாய்ப்பாடு இப்படித்தான் சொல்லிக் குடுத்தேன், மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல. ஏழாம் வாய்ப்பாடு அவனுக்கு வரவே வராது, அழுவான், நான் அரிசி களைஞ்சுக்கிட்டே அடுத்த வரியை எடுத்துக் குடுப்பேன். அப்ப அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துட்டு. நான் ஒம்பதாம் கிளாஸ், அவன் ரெண்டாம் கிளாஸ், வீட்டுல யாராவது நிக்கணும், நான் நின்னேன். அக்கா ஏம்மா பள்ளிக்கூடம் போகலன்னு அவன் கேட்டுக்கிட்டே இருப்பான். தன்னாலதான்னு பிள்ளை மனசுல விழுந்துரக் கூடாதுன்னு அம்மா, அவளுக்குப் படிப்பு ஏறலடா, அதான் நின்னுட்டான்னா. நான் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டு ஆமாடே, எனக்கு ஏறலன்னு சொல்லிச் சிரிச்சேன். நல்ல பொய்யின்னுதான் நினைச்சோம். ஷைனி பேனாவை மூடி வச்சுட்டு, போதும்மா, கொஞ்ச நேரம் வெளியில காத்தாட இருங்க, உங்க தம்பிகிட்டக் கேக்கணும், வீட்டுல நீங்க எப்படின்னு கூட இருக்கவங்க சொல்லணும், அதுலயும் ஒரு கணக்கு இருக்குன்னுச்சு. அப்பாடான்னு எந்திரிச்சேன்.

கரண்ட் இல்லாததால கதவை ஒருக்களிச்சுத்தான் வச்சிருக்காங்க, நான் பெஞ்சுல உக்காந்த இடத்துக்கு உள்ள பேசுதது நல்லாக் கேக்கு. கேக்காத மாதிரி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கிட்டு இருக்கேன். நயினார் எப்படிப் பொய் சொல்லப் போறானோ, அவனுக்குப் பொய் வராது, காது செவந்துரும். வீட்டு வேலை செய்வாங்களான்னு ஷைனி கேக்குது. பழகினதைச் செய்வா மேடம், புதுசா ஒண்ணு சொன்னா தடுமாறிப் போயிருவாங்கான். எனக்குச் சிரிப்பு வந்துட்டு, பய பரவாயில்லையே. கடைக்குப் போவாங்களா? பக்கத்துக் கடைக்கு மட்டும், சில்லறையை எண்ணிக் கையில குடுத்துருவேன், குழப்பமே இல்ல பாருங்க. குடுக்கான், நெசம்தான், ஆனா அது நான் பர்ஸ் எடுத்துட்டுப் போனா தொலைச்சிருவேன்னு விளையாட்டுக்குச் சொல்லித்தானே குடுப்பான். தனியா ரோடு கடப்பாங்களா? இல்ல மேடம், நடுவுல நின்னுருவா, சின்ன வயசுலயே அப்படித்தான், நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவேன். இந்த இடத்துல தலைப்பைச் சுருட்டுத கை நின்னுட்டு. நடுவுல நின்னது யாருடே? பொய்யின்னா பொய் மாதிரி இருக்கணும், இது அவன் கண்ணால பாத்த மாதிரி சொல்லுதான். பேப்பர், புத்தகம் படிப்பாங்களா? பக்கத்தைப் புரட்டுவா, படம் பாப்பா, பெறகு அதுல ஒரு கதை இருக்குன்னு அவளா என்னத்தையாவது சொல்லுவா, நாங்களும் ம் கொட்டிக்கிடுவோம், பாவம்லா. வாராவாரம் தொடர்கதையை அவனுக்குச் சோறு போட்டுக்கிட்டே நான் சொல்லுவேன். அடுத்து என்னாச்சுக்கான்னு கேப்பான். அந்தக் கேள்வி பிள்ளைகிட்டக் கேக்க மாதிரி கேட்டதா?

இல்ல, நடிக்கான், நல்லா நடிக்கான்னு நான் எனக்கே சொல்லிக்கிடுதேன், ஆனா அவன் குரல் தழுதழுத்திருக்கு, அவனுக்குப் பொய் வராதுன்னு இப்பதானே நானே சொன்னேன். அவன் காதைப் பாக்கணும். கதவு இடுக்குல எட்டிப் பாத்தேன். செவக்கல. எப்பவும் போலத்தான் இருக்கு. எப்ப இருந்து சார் இப்படின்னு ஷைனி கேக்குது. ஒம்பதாம் கிளாசுலயே படிப்பு ஏறாம நின்னுட்டா, எங்க அம்மாவே சொல்லியிருக்காங்கான். கல்யாணத்துக்குப் பாக்கலையா? ஒண்ணே ஒண்ணு வந்துச்சு மேடம், செங்கோட்டையில இருந்து, அவருக்கும் புடிச்சிருந்துச்சு. ஆனா ஏமாத்தக் கூடாதுல்ல, நானே செங்கோட்டைக்குப் போய் உள்ளதைச் சொல்லிட்டு வந்துட்டேன், அவளுக்கு அவ்வளவு வெவரம் பத்தாது, பெறகு வருத்தப்படாதீங்கன்னு. வீட்டுல ஜாதகம் சேரலன்னு சொல்லிட்டேன். செங்கோட்டைக்காரர் வந்த அன்னைக்கு நீல சட்டை போட்டிருந்தார், கோவாப்பரேட்டிவ் ஸ்டோர்ல வேலை. நீங்க என்ன படிப்பீங்கன்னு கேட்டார், சொன்னேன், அந்தத் தொடர் எனக்கும் புடிக்கும், போன வாரம் முடிச்ச இடம் சரியில்லன்னார், ஆமான்னு ரெண்டு பேரும் சேந்து சிரிச்சோம். அதுக்குப் பெறகு எத்தனை சனிக்கிழமை எள்ளு தீபம் போட்டிருக்கேன், என் ஜாதகத்துல சனி சரியில்லன்னு. சனி இல்ல, நீதானாடே? உன்னை இடுப்புல தூக்கிச் சுமந்தேனே. என்னைப் பத்தி ஊரு ஆயிரம் சொல்லட்டும், நீ அந்த வீட்டுப் படி ஏறிப் போய்ச் சொல்லிட்டு, திரும்பி வந்து நான் போட்ட சோத்தைத் தின்னியே. வயிறு எரியுது. எந்திரிச்சு உள்ள போயிருவோமான்னு இருக்கு. அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்லன்னும் தெரியுது, அதுதான் இன்னும் எரியுது, கெட்டவனா இருந்தா வையலாம்.

சார், ஒண்ணு கேக்கேன் தப்பா எடுத்துக்காதீங்க, அம்மா வேணும்னே தப்பாச் சொல்லியிருப்பாங்களோன்னு ஷைனி கேக்குது. கடைசியா ஒரு வழி இருக்கு, இப்ப இவன் திணறணும், ஒரு நிமிசம் பேசாம இருக்கணும், இருந்தா போதும், எல்லாமே எனக்காகவும் அவனுக்காகவும் அவன் போட்ட நாடகம்னு நான் நம்பிக்கிடுவேன், செங்கோட்டையைக்கூட மறந்துருவேன். அவன் சிரிச்சான். எங்க அக்காவா? நடிக்கவா? அதுக்கும் கொஞ்சம் புத்தி வேணும்லா மேடம். எனக்கு அவ பிள்ளை மாதிரி, அவளை விட்டுட்டு நான் ராய்ப்பூர் போனா ஒரு நாள் தாங்க மாட்டா. கடைசி வார்த்தையில அழுதுட்டான். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துத சத்தம் கேக்கு. காலையில அந்தக் கைக்குட்டையை மடிச்சு அவன் பையில வச்சதும் நான்தான்.

அம்மா, நீங்க வாங்க, சார் கொஞ்சம் டீ சாப்பிட்டு வாங்கன்னு ஷைனி ஆளை மாத்துது. நயினார் வெளியில வந்து என் தோளைத் தட்டிக் குடுத்து, உள்ள போக்கா, பயப்படாதன்னான். அவன் முகத்தைப் பாத்தேன். அன்பா இருக்கு, அதுல ஒரு குறையும் இல்ல. உள்ள ஷைனி கதவை முழுசாச் சாத்திட்டு, மெதுவாச் சொல்லுது, தெரியாதவங்க கண்டபடி சொல்லுவாங்கம்மா. நீங்க ஒவ்வொண்ணுலயும் ஒண்ணே ஒண்ணு தள்ளிச் சொல்லியிருக்கீங்க, கட்டையில ஒண்ணே ஒண்ணைத் திருப்பி வச்சிருக்கீங்க. நான் உங்களை மிரட்டல. யாராவது அப்படிச் சொல்லச் சொன்னாங்களா? யாரும் சொல்லலன்னேன். அதுவும் நெசம்தானே, சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். நீ மண்டு மாதிரி நடி அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மண்டு இல்லன்னு அவனுக்குத் தெரியும்னு ஆயிருக்கும்லா. அப்ப மறுபடியும் செய்வோமா, உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரின்னு ஷைனி கேட்டுச்சு. அந்த இடத்துலதான் எனக்கு நெசமாப் பயம் வந்துச்சு. இப்பவும் தப்பா வந்தா? அவன் சொன்னதுதான் சரின்னு ஆயிட்டா? அம்மா எனக்குப் படிப்பு ஏறலன்னு சொன்னது பொய்யின்னு சொல்ல இன்னைக்கு அம்மா இல்ல, நான் ஒருத்திதான் சாட்சி, எனக்கே சந்தேகம்னா? ஒரே ஒரு வழி பாக்கியிருக்கு, தெரியாது தெரியாதுன்னு சொல்லிட்டே போனா அவன் இங்கயே இருப்பான், எனக்கும் என் புத்தி எவ்வளவுன்னு தெரியாமலே போகும். ஆட்டுக்கு எத்தனை காலும்மா? காக்கா இருந்த சன்னலைப் பாத்தேன், அது எப்பவோ போயிட்டு. நாலுன்னேன். சொன்ன சத்தம் எனக்கே அதிகமாக் கேட்டுச்சு.

அதுக்குப் பெறகு கோவத்துலயே சொன்னேன். ஏழு. அம்பத்தொண்ணு. ரெண்டுக்கும் ஒரே மாவு, ஒண்ணை அவிக்கணும், ஒண்ணைச் சுடணும். ரெண்டு ஒம்போது ஆறு. தெருவுல ஒரு பிள்ளை வழி தெரியாம அழுதா என்ன செய்வீங்க? முதல்ல அழுகையை நிப்பாட்டுவேன், பேரைக் கேப்பேன், பெறகு அம்மா பேரு, அங்கயே நிப்பேன், தேடி வாறவங்க அங்கதான் வருவாங்க. ஷைனி தலையாட்டுச்சு, முதல் தடவையா முகம் கொஞ்சம் மாறுச்சு. கட்டை ரெண்டு படம் மளமளன்னு வந்துட்டு. மூணாவது படம் இப்பவும் வரல, திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, இது எனக்கு வரலம்மா, நெசமாவே வரலன்னேன். சொன்னதும் என்னமோ நெஞ்சு லேசாச்சு, இந்த ஒரு தப்பு முழுக்க எனக்குள்ளது, வேற யாருக்காகவும் இல்ல. பரவாயில்லம்மா, எனக்கும் முதல்ல வரலன்னுச்சு அந்தப் பிள்ளை. பெறகு தாளையெல்லாம் அடுக்கிக்கிட்டு, ரிப்போர்ட் அடுத்த வாரம் போகும், ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது, இந்த சர்டிபிகேட் உங்களுக்குக் கிடைக்காதும்மா, நீங்க மத்தவங்களை மாதிரித்தான் இருக்கீங்கன்னுச்சு. மத்தவங்களை மாதிரி. அதை ரெண்டு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். கெட்டிக்காரின்னு சொல்லல, பெரிய நம்பர் ஒண்ணும் குடுக்கல, ஆனா செங்கோட்டையில இதைச் சொல்லியிருந்தா போதுமே, மத்தவங்களை மாதிரித்தான் இருப்பா எங்க அக்கான்னு. என் தம்பிகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன். அழுறீங்களாம்மான்னுச்சு. ஆமா, அழுதேன்.

வெளியில நயினார் எனக்கும் ஒரு டீ வாங்கி ஆத்திக் கையில வச்சிருக்கான், சூடா இருந்தா நாக்கைச் சுட்டுக்கிடுவேனாம். குடிச்சேன், பச்சத்தண்ணியா இருந்துச்சு. ரொம்பக் கேட்டாங்களாக்கா? ம்னேன். எல்லாத்துக்கும் பதில் சொன்னியா? சொன்னேன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டு, சமத்துன்னான். இந்த வார்த்தையை அவன் எனக்கு எத்தனை வருசமாச் சொல்லுதான், நானும் எத்தனை வருசமா சந்தோசப்பட்டிருக்கேன். சர்டிபிகேட் கிடைச்சிரும்க்கா, அந்த மேடம் நல்ல மாதிரி, நான் எங்கயும் போகல, நீ ஒண்ணும் யோசிக்காதன்னான். அவன் இதையெல்லாம் சொல்லச் சொல்ல எனக்குத் தெரியுறது அவனுக்குத் தெரியலங்கிறது ஒரு பக்கம் இனிக்கி, ஒரு பக்கம் அறுக்கு. வாசலுக்கு வந்தோம். பஸ் ஸ்டாப் எதிர்ப் பக்கம். லாரி மேல லாரியா வருது. அக்கா, பாத்து, வண்டி வருதுன்னு கையை நீட்டினான். அந்தக் கையைப் பாத்தேன், நகம் வெட்டணும், வளந்து கிடக்கு. வேண்டாம்டே, நானே வாறேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். பெறகு குடுத்தேன். அவன் இறுக்கிப் பிடிச்சான். உள்ளங்கை ஈரமா இருக்கு, சின்னப்பிள்ளையில இருந்தது மாதிரியே. நடு ரோட்டுல ஒரு லாரி ஹாரன் அடிச்சதும் அவன் கால் அப்படியே நின்னுட்டு, நான்தான் ஒரு இழுப்பு இழுத்தேன், ரெண்டு பேரும் அந்தப் பக்கம் வந்துட்டோம். பாத்தியா, நான் இல்லன்னா என்னக்கா செய்வன்னு அவன் என்னைக் கேக்கான். ராய்ப்பூர்லயும் ரோடு இருக்கும். அங்க அவனாக் கடந்துக்கிடட்டும்.